அடுத்த மாடல் வரட்டும்

இதை எழுதுகிறவனைத் தேடி அவர் முதன்முதலில் வந்தபோது வணக்கம் சொல்லவில்லை, பெயரும் கேட்கவில்லை. அலுவலகத்திலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு இறங்கி வந்தவனைப் படியிலேயே மறித்தார். வலது கையைப் பிடித்துத் திருப்பி, முற்றலா பிஞ்சா என்று காய் பார்ப்பதுபோலக் கட்டை விரலை அமுக்கிப் பார்த்தார்.

“தம்பி, போன வருஷம் பட்டம் வாங்கும்போது இந்த விரலை உள்ளே மடக்குன்னு உங்களுக்குச் சொன்னது யாரு?”

“போட்டோ எடுத்தவரு.”

“நான்தானே அது? நல்லா பாருங்க. நான்தானே?”

அன்று அவர் முகத்துக்கு முன்னால் கேமரா இருந்தது. முகம் எங்கே ஞாபகம் இருக்கும்? “அசையாதீங்கன்னு ஒரு தடவை சொல்லுங்க, பார்ப்போம்” என்றான் இவன். அவர் சொன்னார். சந்தேகமே இல்லை, அதே குரல்.

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். தொலைத்த பொருள் கிடைத்தவரின் முகமும் பொருளைப் பறிகொடுத்தவரின் முகமும் ஒரே நேரத்தில் அவரிடம் இருந்தன. நாற்பத்தேழு வயது மனிதர், முன்பின் தெரியாத ஒருவனின் விரலைத் தேடி நான்கு மாடிக் கட்டடத்துக்கு வந்து நின்றதற்குக் காரணம் பசியல்ல, கடனல்ல. பொறாமை. சுத்தமான, கலப்படமில்லாத பொறாமை.

ஊரில் அவருக்கு ‘அசையாதீங்க’ என்றுதான் பெயர். “அசையாதீங்க கடையில பாஸ்போர்ட் போட்டோ எடுத்துட்டு வந்துடு” என்பார்கள். தையற்கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிய ஒரு ஸ்டுடியோ. உள்ளே நீலத்திரை, சுழலும் முக்காலி, நூல் கட்டிய சீப்போடு ஒரு கண்ணாடி, ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிநாடு போனவர்கள் எத்தனையோ பேர்; கோட்டு மட்டும் எங்கும் போகவில்லை. முன்பக்க மேசையில் அவர் மனைவி உட்கார்ந்து, அச்சான படங்களை வெட்டுகத்தியில் வைத்து நறுக்குவார். அவர் நறுக்கினால் நான்கு ஓரமும் நூல் பிடித்தாற்போல் இருக்கும். பேச்சும் அப்படித்தான்.

அசையாதீங்கவின் கேமராவுக்கு ஒன்பது வயது. பிடியில் ரப்பர் உரிந்து, பஞ்சர் ஒட்டும் பசை போட்டு ஒட்டியிருந்தார். பொத்தானை அழுத்தினால் அது ஒரு கணம் யோசிக்கும். யோசித்துவிட்டுத்தான் ‘டக்’ என்னும். அதனால்தான் அவருக்கு அந்த ‘அசையாதீங்க’ தேவைப்பட்டது. ஆள் அசையாமல் இருந்தால் கேமரா மெதுவாக வந்து சேர்ந்துகொள்ளும்.

புதியது வாங்க அவரிடம் பணம் இல்லாமல் இல்லை. வங்கியில் தனியாகவே போட்டு வைத்திருந்தார். ஆனால் ஒவ்வொரு முறை வாங்கக் கிளம்பும்போதும், அடுத்த மாடல் வரப்போகிறது என்று எவனாவது எங்கேயாவது எழுதியிருப்பான். “கொஞ்சம் பொறு. இப்ப வாங்கினா ஆறே மாசத்துல பழசாயிடும்” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் பையைக் கழற்றி வைத்துவிடுவார். இப்படியே ஐந்து மாடல்கள் வந்து போய்விட்டன.

“ஒரு மனுஷன் புதுசாவே இருக்கணும்னு நினைச்சுப் பழசாவே இருக்கறதை உங்ககிட்டதான் பார்க்கறேன்” என்பார் மனைவி, கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்த ஆட்டம் இன்னும் பல ஆண்டுகள் சுகமாக ஓடியிருக்கும். ஆனால் அதே தெருவில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில், இன்னொரு ஸ்டுடியோ இருந்தது. அதன் முதலாளி அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர். அக்காவைக் கட்டியவர் படம் எடுக்கிறார் என்றால் தங்கையைக் கட்டியவர் பலசரக்கு விற்கக்கூடாதா? அவரும் படம்தான் எடுத்தார். அசையாதீங்கவைவிட ஆறு வயது இளையவர். வாயைத் திறந்தால் சிரிப்பு, கடையைத் திறந்தால் குளிர்ச்சி. அசையாதீங்க மின்விசிறி மாற்றியபோது சகலை குளிர்சாதனம் வைத்தார். அசையாதீங்க பெயர்ப்பலகைக்கு வண்ணம் அடித்தபோது சகலையின் பலகையில் விளக்கு எரிந்தது. அவர் வேண்டுமென்றே செய்தாரா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அசையாதீங்க அப்படித்தான் நம்பினார். நம்பி நம்பி வயிறு எரிந்தார்.

அந்தச் சகலை கேமரா வாங்கிவிட்டார். அப்போது கடையில் இருந்ததிலேயே புதிய மாடல்.

செய்தியைக் கொண்டுவந்தது கொழுந்தியாள்தான். அக்காவைப் பார்க்க வந்தவர், “அத்தான், உங்க சகலை கேமராவுக்குத் தாலாட்டுப் பாடாத குறைதான். துணியில சுத்தி அலமாரியில வைக்கறாரு. என் நகைகூட வெளியதான் கிடக்குது” என்று சிரித்தார். அசையாதீங்கவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை மட்டும் யாராவது படம் எடுத்திருந்தால், பல்வலிக்கு விளம்பரம் போட்டிருக்கலாம்.

மறுநாள் காலையில் அவர் கேமரா கடைக்காரர் முன்னால் நின்றார்.

“சகலை வாங்கினது இதுதானா?”

“இதேதான் அண்ணே. எடுத்துடட்டுமா?”

“இதுக்கு அடுத்தது எப்ப வருது?”

“மூணு மாசத்துல வந்துடும்னு பேச்சு அடிபடுது. நிச்சயமா சொல்ல முடியாது. இது நல்ல மாடல்தான் அண்ணே.”

அசையாதீங்க கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கேமராவைப் பார்த்தார். எடுத்தால் என்ன ஆகும்? ‘அவன் வாங்கினதைப் பார்த்து இவனும் வாங்கினான்’ என்பார்கள். காத்திருந்தால்? சகலையின் கையில் இருப்பது ஒரே நாளில் பழசாகும். அந்த ஒரு நாளை நினைத்தபோதே அவருக்கு நாக்கு இனித்தது.

“அடுத்த மாடல் வரட்டும்” என்றார்.

ஸ்டுடியோவுக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னதும் மனைவி நறுக்குவதை நிறுத்தினார். அவர் நிறுத்தினால் ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று பொருள். “உங்களுக்குக் கேமரா வேணுமா, இல்ல அவரோடதைவிடப் பெரிய கேமரா வேணுமா? முதல்ல அதைத் தெளிவா சொல்லுங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானேடி.”

“இன்னும் அஞ்சு வாரத்துல பட்டமளிப்பு விழா. மூணு மாசம் கழிச்சு வர்ற கேமராவை வைச்சு அஞ்சு வாரத்துல எப்படி எடுப்பீங்க?”

அங்கேதான் விஷயம் இருந்தது. பக்கத்துக் கல்லூரியின் பட்டமளிப்பு விழாவைப் பதினோரு வருடமாக அவர்தான் எடுத்து வந்தார். அவருக்கு அது வெறும் வேலையல்ல. அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். அந்த ஒரு நாள் மேடைக்கு முன்னால் நின்று, அறுநூறு பேர் பட்டம் வாங்குவதை முதல் ஆளாகப் பார்ப்பார். அதற்கென்று அவர் கண்டுபிடித்த முறை ஒன்று உண்டு. பட்டச் சான்றிதழின் இடது கீழ் மூலையில்தான் கல்லூரி முத்திரை இருக்கும். எல்லோரும் அங்கேதான் கட்டை விரலை வைத்துப் பிடிப்பார்கள். முத்திரை மறைந்துபோகும். அதனால் மேடைக்குப் பக்கத்தில் வரிசையில் நிற்கும்போதே ஒவ்வொருவரிடமும் போய், “ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில செருகிப் பிடிங்க, கட்டை விரலை உள்ளே மடக்கிக்கோங்க” என்று செய்து காட்டுவார். உலகத்தில் யாரும் காகிதத்தை அப்படிப் பிடிக்கமாட்டார்கள். அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் மட்டும் பிடிப்பார்கள்.

அந்த வேலைதான் ஆட்டம் கண்டது. கல்லூரி அலுவலக மேலாளர் அம்மாள் கூப்பிட்டனுப்பினார்.

“இந்த வருஷம் ரெண்டு பேர்கிட்ட மாதிரிப் படம் கேட்டிருக்கோம். உங்ககிட்டயும், பஸ் ஸ்டாப் எதிர்ல இருக்கறவர்கிட்டயும்.”

“மேடம், பதினோரு வருஷமா நான்தானே…”

“தெரியும். ஆனா அவர் கடை வாசல்ல ஒரு படம் மாட்டியிருக்காரு, பார்த்தீங்களா? அங்கி போட்ட பையன். என்னா படம்! நின்னு பார்த்துட்டே இருந்ததுல என் பஸ்ஸே போயிடுச்சு. அந்த மாதிரி வேணும். நீங்க எடுக்கறதுல எல்லாரும் விறைப்பா நிக்கறாங்க. போலீஸ்ல சேர்றதுக்கு அளவெடுக்கற மாதிரி.”

மாதிரிப் படம் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு அவர் வெளியே வந்தார்.

அந்தப் படத்தை அவரும் பார்த்திருந்தார். இரண்டு மாதமாகத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் எங்கிருந்து? சாலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து. சகலை கடைக் கண்ணாடியருகே போய் நின்றால் அவர் உள்ளேயிருந்து பார்த்துவிடுவார். பார்த்தால் சிரிப்பார். அதனால் அசையாதீங்க பேருந்துக்குக் காத்திருப்பவர்போல நிறுத்தத்தில் நின்று, வாகனங்களின் இடைவெளியில் பார்த்தார். ஆள் உயரப் படம். கறுத்த பின்னணி. அங்கி போட்ட இளைஞன் ஒருவன் கேமராவைப் பார்க்காமல் எங்கோ தூரத்தில் யாரையோ பார்க்கிறான். உதடு சிரிக்கலாமா அழலாமா என்று நிற்கிறது. கண்ணில் ஒரு வெளிச்சம். படத்தின் கீழ்ப்பகுதியைச் சின்னச் சின்னச் சட்டங்கள் மறைத்திருந்தன.

அங்கியை வாடகைக்கு வைத்து, யாரையோ நிற்க வைத்து எடுத்திருக்கிறான் என்று முடிவு கட்டினார். ‘புது கேமரா, அதான் இப்படி வருது’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். ஆனால் அந்தக் கண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அது கேமராவின் வேலையல்ல என்று அவருக்கே தெரியும். முப்பது வருடத் தொழிலில் அப்படி ஒரு முகம் தன் கைக்கு வரவில்லையே! சாப்பாடு இறங்கவில்லை. பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவர்களை முறைத்தார். பயந்துபோய் அவர்கள் தாமாகவே அசையாமல் இருந்தார்கள்.

மேலாளர் அம்மாள் சொன்ன மறுநாள் வேறு வழியில்லாமல் போயிற்று. மாதிரிப் படம் கொடுக்க வேண்டுமென்றால் அந்த வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று கிட்டே போய்ப் பார்த்தாக வேண்டும். சகலை மதியச் சாப்பாட்டுக்குப் போகும் நேரம் பார்த்துச் சாலையைக் கடந்தார். முப்பது அடி சாலை. இரண்டு மாதமாகக் கடக்காத சாலை.

கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்தார். முதலில் கண், பிறகு கன்னம், பிறகு அங்கியின் மடிப்பு. கீழே வந்தார். சின்னச் சட்டங்களின் இடுக்கில் சான்றிதழின் மூலை தெரிந்தது. முத்திரை முழுதாகத் தெரிந்தது. காகிதம் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகியிருந்தது. கட்டை விரல் உள்ளே மடங்கியிருந்தது.

அவர் எவ்வளவு நேரம் அப்படியே நின்றார் என்று தெரியாது. பழக்கடைக்காரர், “என்ன அண்ணே, உங்களை யாராவது அசையாதீங்கன்னு சொல்லிட்டாங்களா?” என்று கேட்டதும்தான் நிமிர்ந்தார்.

கடைக்கு ஓடிவந்து, பாதி கதவைச் சாத்திவிட்டு, பழைய சி.டி. வட்டுகளையெல்லாம் கொட்டிக் கணினியில் போட்டுப் பார்த்தார். சென்ற ஆண்டுப் பட்டமளிப்பு. அறுநூற்றுப் பன்னிரண்டு படங்கள். நானூற்றுப் பதினேழாவது படத்தில் அவன் இருந்தான். பக்கத்தில் சிறப்பு விருந்தினர், பின்னால் சிவப்புத் திரை, ஓரத்தில் பூந்தொட்டி. சகலை அத்தனையையும் வெட்டி, திரையைக் கறுப்பாக்கி, முகத்தை மட்டும் முன்னே கொண்டுவந்திருந்தார்.

ஞாபகம் வந்தது. அவன் சிரித்தபோதுதான் அவர் அழுத்தினார். கேமரா வழக்கம்போல யோசித்தது. அதற்குள் அவன் கூட்டத்தில் எங்கோ திரும்பிவிட்டான். எட்டாவது வரிசையில் அவன் அப்பா நாற்காலியில் ஏறி நின்று கையாட்டிக்கொண்டிருந்தார், காவலாளி இறக்கிக்கொண்டிருந்தார். ‘டக்’ என்று விழுந்தபோது அவன் பார்வை அங்கே இருந்தது. திரும்ப எடுக்க நேரமில்லை, அடுத்த ஆள் வந்துவிட்டாள். அன்று மாலை எழுதிய பட்டியலில் அந்தப் படத்துக்கு எதிரே அவர் கையெழுத்தில் ‘கேமராவைப் பார்க்கவில்லை. தவறு’ என்று இருந்தது.

“ஏங்க, என்னாச்சு?” என்றார் மனைவி.

“அந்தப் படம்… அது என் படம்.”

மனைவி கணினித் திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “அப்போ ரெண்டு மாசமா உங்களைப் பார்த்தேதான் உங்களுக்கு வயிறு எரிஞ்சுதா?” என்று கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் மேசை மேலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வேறொருவர் எடுத்தது என்றாலாவது ஒரே பொறாமை. இப்போது இரண்டு. தன் பெட்டியிலேயே கிடந்ததைத் தன் கையாலேயே தவறு என்று எழுதிவைத்திருந்தார். அதைப் பார்த்ததும் நல்லது என்று கண்டுகொண்டவர் சகலை. கையைப் பார்த்துப் பொறாமைப்படலாம், கேமராவைப் பார்த்துப் பொறாமைப்படலாம். கண்ணைப் போய் எந்தக் கடையில் வாங்குவது?

அதன் பிறகுதான் கல்லூரியில் முகவரி வாங்கி, நான்கு மாடிக் கட்டடத்தின் படியில் வந்து அந்தக் கட்டை விரலைப் பிடித்தார். நடந்தது சாதாரணம். அப்பாவுக்கு அனுப்ப, கல்லூரி தந்த வட்டில் இருந்த படத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று, பேருந்தைவிட்டு இறங்கியதும் கண்ணில் பட்ட கடைக்குள் இவன் நுழைந்திருந்தான். ஒரு பிரதியை வாசலில் வைத்துக்கொள்ளட்டுமா என்று சகலை கேட்டார். வீட்டிலேயே முதல் பட்டதாரி. ஊரே பார்க்கும் இடத்தில் படம் மாட்டுகிறேன் என்றால் வேண்டாம் என்றா சொல்வான்?

அன்று சாயங்காலமே அசையாதீங்க சகலையின் கடைக்குள் நுழைந்தார். குளிர் முகத்தில் அடித்தது.

“வாங்க சகலை! அதிசயமா இருக்கு. உட்காருங்க.”

“வாசல்ல இருக்கற படம் யார் எடுத்தது?”

சகலையின் சிரிப்பு பாதியில் நின்றது. “நீங்கதான்.”

“தெரிஞ்சேதான் மாட்டினியா?”

“விரலைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. அந்தப் பிடியை வேற எவன் சொல்லித் தருவான்?”

“அப்ப ஏன் சொல்லல?”

“சொன்னா கழட்டச் சொல்லுவீங்க.” அவர் மேசையில் இருந்த துணியை மடித்தார், பிரித்தார். “சகலை, உண்மையைச் சொல்லிடறேன். அந்தப் பையன் கொண்டுவந்த அன்னிக்கு, நீங்க எனக்குத் தெரியாம ஏதோ பெரிய கேமரா வாங்கிட்டீங்கன்னு நினைச்சேன். ஃபைலைத் திறந்து எந்தக் கேமரான்னு பார்த்தேன். அதே உங்க ஓட்டைப் பெட்டி. அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கல. அடுத்த வாரம்தான் போய் இதை வாங்கினேன்.” அலமாரியைக் கையால் காட்டினார். “ரெண்டு மாசமா எடுக்கறேன். அந்த மாதிரி ஒண்ணுகூட வரல.”

அசையாதீங்க முக்காலியில் மெல்ல உட்கார்ந்தார். உள்ளுக்குள் குளிர்ந்ததா, எரிந்ததா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தன்னால் ஒருவனுக்குச் சோறு இறங்கவில்லை என்பது எவ்வளவு இதமான செய்தி! ஆனால் அந்தப் படத்தை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டுவிடுவானோ என்று பயமாக இருந்தது.

“எப்படி எடுத்தீங்க சகலை?”

அசையாதீங்க கூரையைப் பார்த்தார். “அது… கொஞ்சம் காத்திருக்கணும்” என்றார். பொய்யில்லை. காத்திருந்தது கேமரா என்பதை மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் அவர் நானூற்றுப் பதினேழாவது படத்தை முழுதாக அச்சிட்டு, பூந்தொட்டி, விருந்தினர், சிவப்புத் திரை எல்லாவற்றோடும் மேலாளர் அம்மாள் மேசையில் வைத்தார். அம்மாள் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பப் பார்த்தார்.

“அட, இது நம்ம மேடை! நீங்க எடுத்ததா? ரொம்ப நல்லதாப் போச்சு. வேலை உங்களுக்குத்தான். இந்த வருஷம் எல்லாரையும் இப்படியே எடுத்துடுங்க.”

“எல்லாரையுமா மேடம்?”

“அறுநூறு பேரையும்.”

வாசலுக்கு வந்தபோது அவருக்கு வேர்த்துக் கொட்டியது. அந்தக் கேமரா தாமதித்ததால் ஒரு படம் அமைந்தது உண்மை. அதே தாமதத்தால் அன்று முப்பத்தொன்பது பேர் கண்ணை மூடியிருந்தார்கள், நான்கு பேர் தும்மலின் பாதியில் இருந்தார்கள், ஒருத்தியின் முகத்துக்கு முன்னால் விருந்தினரின் கை இருந்தது. அதுவும் அதே பட்டியலில் அதே கையெழுத்தில் இருந்தது. அவர்களுக்கும் அப்பாக்கள் எங்கோ ஒரு வரிசையில் நாற்காலி மேல் ஏறித்தான் நின்றிருப்பார்கள். முகம் திரும்புவதைக் கண் பார்த்ததும் கை அழுத்த வேண்டும், அழுத்தினால் அந்தக் கணமே விழ வேண்டும். பழைய பெட்டி அதைச் செய்யாது. வராத மாடலும் செய்யாது.

மனைவியைக் கூட்டிக்கொண்டு கேமரா கடைக்குப் போனார்.

“அண்ணே, இன்னும் ரெண்டு மாசம் பொறுத்தீங்கன்னா…” என்று ஆரம்பித்தார் கடைக்காரர்.

“இருக்கறதை எடுங்க.”

கையில் வாங்கியதும் மனைவியைக் கடையின் அந்தக் கோடியிலிருந்து நடந்துவரச் சொன்னார். “நீ அசைஞ்சுட்டே இரு” என்றார். இருபத்திரண்டு வருடத்தில் மனைவியிடம் அவர் முதன்முறையாக அப்படிச் சொன்னார். நடந்துவந்த மனைவி, “ஏங்க, கல்யாணமானதுலேருந்து…” என்று ஏதோ சொல்லத் திரும்பினார். அழுத்தினார். அழுத்திய கணமே விழுந்தது.

திரையைப் பார்த்தார். தலையாட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கடைக்காரரைக் கேட்டார்: “சகலை எந்த லென்ஸ் வாங்கினாரு?”

சொன்னார்.

“அதுக்கு மேல ஒண்ணு குடுங்க.”

மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த ஆண்டுப் பட்டமளிப்பில் அவர் வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் விரலைப் பற்றிச் சொன்ன பிறகு, “வீட்டுக்காரங்க எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்காங்க?” என்றும் கேட்டார். அறுநூறும் அப்படி வரவில்லை. இருபத்துமூன்று வந்தன. அந்த இருபத்துமூன்றையும் அவரே தேர்ந்து, ‘தவறு’ என்ற பட்டியலில் சேர்க்காமல் தனியாக எடுத்துவைத்தார். அடுத்த மாடல் விழா முடிந்து பத்தொன்பதாவது நாள் வெளிவந்தது. சகலை முதல் நாளே பதிவு செய்துவிட்டார். அன்று அசையாதீங்க மதியம் சாப்பிடவில்லை, சாயங்காலம் சேர்த்துச் சாப்பிட்டார்.

இப்போது அவருக்கு நாற்பத்தொன்பது வயது. அதே ஒடுங்கிய கடை, அதே கறுப்புக் கோட்டு. கல்லூரி வேலை அவரிடமே இருக்கிறது. நானூற்றுப் பதினேழாவது படம் அவர் கடை வாசலில் பூந்தொட்டியோடு தொங்குகிறது. சகலை கடை வாசலில் பூந்தொட்டி இல்லாமல் தொங்குகிறது. வாரத்துக்கு இரண்டு தடவையாவது சாலையைக் கடந்துபோய், தன் படத்தையே சகலை கடைக் கண்ணாடியில் பார்க்கிறார். கறுப்புப் பின்னணிதான் நன்றாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பூந்தொட்டியை அவர் இன்னும் எடுக்கவில்லை.